டிரைவரை வேரோடு எடுத்துவிட்டு மறுபடி போடுவது எப்படி

பிரிண்டர், வைஃபை போன்ற ஒவ்வொரு டிவைஸையும் விண்டோஸ் இயக்க உதவும் சாஃப்ட்வேர்தான் டிரைவர். அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தாலும் சில நேரம் பழைய கோளாறே திரும்ப வந்து நிற்கும். விண்டோஸ் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பிரதியை டிரைவர்ஸ்டோர் ஃபோல்டரில் எடுத்து வைத்துக்கொள்கிறது. நாம் நீக்கியது டிவைஸின் பதிவை மட்டும்தான். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்ததும் அந்தப் பிரதியையே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. அதையும் சேர்த்து எடுத்தால்தான் வேலை முடியும்.

முதலில் ஒன்று: ஒழுங்காக ஓடுகிற டிரைவரைத் தொடாதீர்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கும்போது, புது வெர்ஷன் வந்திருக்கிறது என்பதற்காக மண்டியின் பில்லிங் கம்ப்யூட்டரில் அப்டேட் போடுவது வேண்டாத வேலை. மஞ்சள் முக்கோணம், நீலத் திரை, விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றம் என்று காரணம் இருந்தால் மட்டும் கை வையுங்கள்.

தொடங்குமுன்

விண்டோஸ் பட்டனோடு எக்ஸ், பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். கோளாறான டிவைஸின் ப்ராப்பர்டீஸில் ஒரு கோட் எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே இல்லை. 22 என்றால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள். எனேபிள் கொடுத்தால் போதும். 10 என்றால் டிவைஸ் இயங்கத் தொடங்கவில்லை. 43 வந்தால் டிரைவரைக் குறை சொல்லுமுன் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். பழுது டிவைஸிலேயே இருக்கலாம்.

என்ன டிவைஸ் என்றே தெரியாவிட்டால் டீட்டெயில்ஸ் டேபில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அதில் வென் (VEN, தயாரித்த கம்பெனியின் எண்) என்பதற்குப் பின் 8086 இருந்தால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா, 10இசி என்றால் ரியல்டெக். லேப்டாப்புக்கு, தயாரித்த கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் சீரியல் நம்பரைக் கொடுத்து டிரைவர் எடுப்பதே சரி. எல்லா டிரைவரையும் தானே அப்டேட் செய்வதாகச் சொல்லும் சாஃப்ட்வேர் பக்கமே போகாதீர்கள்.

புது டிரைவரை டவுன்லோடு செய்த பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். வைஃபை டிரைவரை முதலில் நீக்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு. போனை யுஎஸ்பி டெதரிங்கில் போட்டு நெட் எடுக்கலாம். சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ்டோரில் இருக்கும் ஃபைல்ரெப்பாசிட்டரி ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி செய்து வையுங்கள். சில ஜிபி வரும். சேஃப் மோடுக்கு (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறை) போகிற வேலை என்றால், டிஸ்க்கின் பூட்டான பிட்லாக்கரைத் திறக்கும் ரெக்கவரி கீயை எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் நம்பகமில்லாத ஊரில் யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப்பில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

நீக்குதல்

நெட்டைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் நமக்கு முன்பே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுக்கும்போது, டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் அடியுங்கள். பலர் தவறவிடுவது இந்த டிக்கைத்தான். பிறகு ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ் கொடுங்கள். அடியில் இன்னொரு பழைய வெர்ஷன் இருந்தால் அது மேலே வரும். அதையும் அதே போல எடுங்கள். விண்டோஸோடு வரும் பொது டிரைவர் மட்டும் மிஞ்சியதும் ரீஸ்டார்ட் செய்து புதியதைப் போடுங்கள். பல டிரைவர் போட வேண்டியிருந்தால் மதர்போர்டுக்கான சிப்செட் டிரைவர் முதலில்.

பிரிண்டர்

ஜூன் மாதம் தர்மபுரி இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு வரிசை நிற்கும்போதுதான் பிரிண்டர் ஆஃப்லைன் காட்டும். அதற்கெல்லாம் டிரைவரை மாற்ற வேண்டியதில்லை. பிரிண்டர் ப்ராப்பர்டீஸில் போர்ட்ஸ் டேபைப் பாருங்கள். கேபிளை வேறு ஓட்டையில் செருகியதால் யுஎஸ்பி001 போய் 002 ஆகியிருக்கும்.

நிஜமாகவே நீக்க வேண்டுமானால் யுஎஸ்பி கேபிளைக் கழற்றி, பிரிண்டரை ரிமூவ் செய்யுங்கள். சர்வீசஸில், பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் தேங்கியவற்றை அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி ஓட விடுங்கள். அடுத்து பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸ், டிரைவர்ஸ் டேப். ரிமூவ் அழுத்தி, டிரைவரும் பேக்கேஜும் என்ற இரண்டாவது விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்த கையோடு ரிமூவ் கொடுங்கள். செட்டப் கேட்ட பிறகே கேபிளைச் செருகுங்கள். முந்திச் செருகினால் விண்டோஸ் தன் பொது டிரைவரைப் போட்டுவிடும்; பிரிண்ட் வரும், ஸ்கேன் வராது.

எடைமேடை கம்ப்யூட்டர்

மாம்பழக் கூழ் ஆலை, கிரானைட் குவாரி எடைமேடைகளில் எடையைக் காட்டும் இண்டிகேட்டரை கம்ப்யூட்டரோடு இணைப்பது பெரும்பாலும் ஒரு யுஎஸ்பி-சீரியல் கேபிள்தான். விண்டோஸ் 11 போட்டதும் எடை வராமல் போகும். டிவைஸ் மேனேஜரில் பிஎல்2303ஹெச்எக்ஸ்ஏ ஃபேஸ்டு அவுட் சின்ஸ் 2012 என்று காட்டும்; கேபிளுக்குள் இருக்கும் அந்த சிப் 2012-லேயே கைவிடப்பட்டது என்று பொருள். புது டிரைவர் அந்தப் பழைய சிப்பை வேண்டுமென்றே ஒதுக்குகிறது; போலி சிப்புகளும் இதில் மாட்டும். அப்டேட் டிரைவரில் 'லெட் மீ பிக்' வழியாக 3.3.2.105 போன்ற பழைய வெர்ஷனைத் தேர்ந்தெடுத்தால் ஓடும். ஆனால் விண்டோஸ் அப்டேட் மறுபடி மாற்றிவிடும்; டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் நோ கொடுத்துவையுங்கள். எங்கள் கணக்கில் வேறு சிப் உள்ள கேபிள் வாங்குவதே மிச்சம்.

டிரைவர் சரியாகியும் எடை வராவிட்டால், கேபிளுக்கு விண்டோஸ் கொடுத்த காம் போர்ட் எண்ணைப் பாருங்கள். சாஃப்ட்வேர் காம்3-ஐ எதிர்பார்த்திருக்கும், கேபிள் காம்7-இல் உட்கார்ந்திருக்கும். மலிவான கேபிள்களில் சீரியல் எண் இல்லாததால் ஒவ்வொரு ஓட்டைக்கும் புது எண் விழுகிறது. வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் கொடுத்து, மங்கலாகத் தெரியும் பழைய போர்ட்டுகளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் எண்ணை மாற்றுங்கள். செருகிய ஓட்டையில் ஒரு டேப் துண்டு ஒட்டிவிடுங்கள்.

கிராபிக்ஸ்

என்விடியா இன்ஸ்டாலரில் கஸ்டம் போய் கிளீன் இன்ஸ்டலேஷன் டிக் அடித்தாலே பெரும்பாலும் போதும். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் சேஃப் மோடில், நெட் இல்லாமல், டிடியு (டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற சாஃப்ட்வேரை ஓட்டுங்கள்.

எந்த டிவைஸிலும் புதியது ஒத்துவராவிட்டால், பழைய டிரைவருக்குத் திரும்ப ரோல் பேக் டிரைவர் இருக்கிறது. பேக்கேஜோடு நீக்கியிருந்தால் அந்தப் பட்டன் மங்கிக் கிடக்கும். அப்போது புதியதையும் மேலே சொன்னபடி நீக்கிவிட்டு, அப்டேட் டிரைவர், பிரவுஸ் கொடுத்து, பென்டிரைவ் ஃபோல்டரைக் காட்டி, சப்ஃபோல்டர்களையும் சேர் என்பதில் டிக் அடியுங்கள். பழையதை விண்டோஸே தேடி எடுத்துக்கொள்ளும்.