சோளகக் காற்றும் சாதாழையும்: ஆடி, ஆவணியில் ஊர்க் கடலில் குளிக்கப் போவோருக்கு

கனடாவிலும் ஐரோப்பாவிலும் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை விடப்படும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் நம்மவர்களிற் பெரும்பாலானோர் குடும்பமாக ஊருக்குப் போகிறார்கள். கீரிமலையில் ஆடி அமாவாசை, அதைத் தொடர்ந்து நல்லூர்த் திருவிழா, இடையிடையே உறவினர் வீடுகள் என்று நாட்கள் நிரம்பிவிட, மூன்றாம் நாளே பிள்ளைகள் கடல் எங்கே என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது விடுதிக்காரர் காட்டும் படம் அன்று, காற்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பார்கள். மட்டக்களப்பில் அதே பருவத்தில் மேற்கிலிருந்து வரண்டு வீசும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். எந்தக் கரையில் அலை எழும், எந்தக் கரையில் பாசி ஒதுங்கும், எந்தக் கரையிலிருந்து பிள்ளையின் மிதவை வெளிக்கடலுக்குப் போகும் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது இந்தக் காற்றுத்தான்.

கட்டுநாயக்காவில் இறங்கிய களைப்பில் ஓரிரவு நீர்கொழும்பில் தங்குவோர் பலர். அங்கும், கல்கிசையிலும், தெற்கே காலி வரையிலும் இந்த மாதங்களில் காற்று நேரே கரையை நோக்கி அடிப்பதால் கடல் கலங்கிக் கொந்தளித்தபடியே இருக்கும். மணலில் நடக்கலாம், பட்டம் விடலாம். குளிப்பதை வடக்குக்கோ கிழக்குக்கோ ஒத்திவையுங்கள்.

வடக்கில் முதலில் நினைவுக்கு வருவது காரைநகர் கசூரினா. சவுக்கு மரங்களுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் அந்தக் கரை வடக்குப் பார்த்தது; ஆதலால் சோளகம் நிலத்தைக் கடந்து, முதுகுப்புறமாகக் கடலுக்குள் இறங்குகிறது. தண்ணீர் குளம்போல் அமைதியாகத் தெரிவதற்கு இதுவே காரணம்; இடுப்பளவு ஆழத்தில் நெடுந்தூரம் நடந்து போகலாம் என்பதற்காகவும் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. ஆனால் அமைதி வேறு, ஆபத்தின்மை வேறு. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் அக்காவின் மகன் காற்றடைத்த ரப்பர் மெத்தையிற் படுத்தபடி கண்ணை மூடியிருந்தான். நாங்கள் கரையிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் அவன் கூப்பிட்டாற் கேளாத தூரத்துக்குப் போய்விட்டான். அலை ஒன்றுகூட எழவில்லை. வள்ளத்தில் வந்த மீனவர் ஒருவர்தான் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தார். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று தண்ணீரைத் தட்டையாக வைத்துக்கொண்டே மேலே மிதப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே மெத்தை, வளையம், பெரிய பந்து ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து பெட்டியிற் கட்டிக்கொண்டு போகாதீர்கள். போனால் ஒரு கயிற்றையும் கொண்டுபோய், பெரியவர் ஒருவர் அதன் நுனியைக் கையிற் பிடித்திருக்கட்டும். பந்து அகன்று போனால் அதைத் துரத்தி நீந்தவேண்டாம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனி, பிள்ளைகள் அருவருக்கும் அந்தக் கறுத்த குவியல். யாழ்ப்பாணக் கரைகளில் முழங்காலுயரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கும் நாடா போன்ற இலைகளைப் பாசி என்று சொல்லிவிடுகிறோம். அவற்றிற் பெரும்பகுதி பாசியே அன்று. ஊரில் சாதாழை என்ற பெயரில் வழங்கும் அந்தக் குவியலில் மிகுதியாக இருப்பது கடற்புல். அது வேரும் பூவும் உடைய நிலத்தாவரத்தின் உறவு. ஆழமற்ற பாக்கு நீரிணையின் அடியில் மேய்ச்சல் நிலம்போலப் பரந்து, இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாகி, அருகிப்போன கடற்பசுவுக்கு உணவாகிறது. காற்றும் அலையும் பிடுங்கிய பழைய இலைகள் கரைக்கு வருகின்றன. முன்பு தோட்டக்காரர் அவற்றை அள்ளிச் சென்று எருவாகப் போடுவார்கள். புதிதாக ஒதுங்கிய சாதாழையால் உடலுக்குத் தீங்கில்லை. நாட்கணக்கிற் குவிந்து வெயிலில் அழுகும்போது அதிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டு வாயுவினுடையது. தலையிடி, கண்ணெரிவு தரக்கூடிய அந்த இடத்தில், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களை, உட்காரவைக்கக்கூடாது. அங்கிருந்து விலகிக் காற்று வரும் பக்கமாக நடந்தாலே பெரும்பாலும் போதும். வேலணைச் சாட்டி போன்ற ஆழமற்ற கரைகளிலும் இதே கணக்குத்தான்: காற்று கரையை நோக்கி அடித்த மறுநாள் குவியல் கூடும், திசை மாறினால் தண்ணீர் தெளியும். ஒரே தீவின் ஒரு பக்கம் நாறிக்கொண்டிருக்க மறுபக்கம் கண்ணாடியாக இருப்பது வழமை என்பதால், ஒரு கரையைக் கண்டு மனம் வெறுத்து வீடு திரும்பவேண்டியதில்லை.

உண்மையிற் கவனிக்கவேண்டியது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசி பெருகித் தண்ணீரின் நிறத்தையே மாற்றும் நாட்களைத்தான். காற்றடங்கி வெயில் கொளுத்தும் பங்குனி, சித்திரையில் ஊர் போவோர் கடலின் மேல் மரத்தூள் தூவியதுபோல் வைக்கோல் நிறத்தில் நீண்ட கோடுகளைக் காண நேரலாம். அது திரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சை நுண்ணுயிரின் பெருக்கம்; பழைய மாலுமிகளே அதைக் கடல் மரத்தூள் என்றார்கள். இன்னொன்று நொக்டிலூக்கா என்ற நுண்ணுயிர். எதிர்க்கரையில், பாம்பனை ஒட்டிய மன்னார் வளைகுடாவில், 2019 செப்டெம்பரில் இது பெருகியபோது கடல் பச்சையாக மாறி, ஒட்சிசன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின. அதே ஆண்டு ஓகஸ்டில் சென்னைக் கரையோரம் இரவில் அலைகள் இதனால் நீலமாக ஒளிர்ந்ததைப் பலர் கைபேசியிற் படம்பிடித்ததும் நினைவிருக்கலாம். அழகுதான், கரையில் நின்று பார்க்கவேண்டிய அழகு. கனடிய ஏரிக்கரைகளிலும் ஐரோப்பியக் கடற்கரைகளிலும் நீரின் தரத்தை அறிவிக்கும் பலகைக்குப் பழகிய நமக்கு, ஊரில் அப்படியொன்று நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே நான் கடைப்பிடிக்கும் விதி எளியது: முழங்காலளவு நீரில் நின்று குனிந்தால் என் கால்விரல் எனக்குத் தெரியவேண்டும். பச்சை, கபிலம், செம்மை என்று நீர் தடித்திருந்தாலோ, பாசிநுரை படிந்திருந்தாலோ, கரையில் செத்த மீன் கிடந்தாலோ அன்று குளிப்பில்லை. அந்த மீனைப் பொறுக்கிச் சமைப்பதும் இல்லை.

வெப்பக் கடல்களில் லிங்பியா என்றொரு பாசியும் உண்டு. கடற்புல்லிலும் கல்லிலும் கருமயிர்க் கொத்துப்போல் ஒட்டியிருக்கும் அது உடுப்புக்குள் சிக்கினால் சில மணி நேரத்தின் பின் தோல் சிவந்து, எரிந்து, கொப்புளிக்கலாம். நீச்சலுடையை உடம்பிலேயே காயவிடுவதுதான் இதற்கு வாய்ப்பளிக்கும் பழக்கம். வாகனத்தில் ஒரு கான் நல்ல தண்ணீர் கொண்டுபோய், கடலிலிருந்து ஏறியதும் உடையைக் கழற்றி உடம்பைக் கழுவிவிட்டால் தீர்ந்தது. பெண்கள் சேலையுடனோ முழுநீளச் சட்டையுடனோ, ஆண்கள் ஜீன்ஸுடனோ நீரில் இறங்குவது பாரத்தினால் ஆபத்தானது. கைமூடிய நீச்சல் மேற்சட்டையும் இறுக்கமான காற்சட்டையும் ஊராரின் கண்ணுக்கும் உறுத்தா, நீந்தவும் இடைஞ்சல் செய்யா.

கிழக்கே போவோருக்கு இது நல்ல பருவம். மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள பாசிக்குடாவின் பெயரிலேயே பாசி இருக்கிறது. முருகைக்கல் (பவளப்பாறை) திட்டினால் காக்கப்பட்ட அந்தக் குடாவில் மார்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம் என்பதால், நீந்தத் தெரியாத பெரியவர்களுக்கும் நான் முதலிற் பரிந்துரைப்பது அதையே. ஆயினும் கச்சான் காற்று அங்கேயும் கரையிலிருந்து கடலுக்கே வீசுகிறது என்பதையும், படகுகளும் நீர்ஸ்கூட்டர்களும் ஓடும் பகுதியை விட்டு ஒதுங்கிக் குளிக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். அடுத்துள்ள கல்குடா திறந்த கரை. பாசிக்குடாவில் பிள்ளைக்குக் கிடைத்த துணிவை அங்கே கொண்டுபோகக்கூடாது. திருகோணமலையில் உப்புவெளியும் நிலாவெளியும் இந்த மாதங்களில் பெரும்பாலும் அமைதியானவை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. 2016இல் கடல் சூடேறியபோது இலங்கையின் முருகைக்கற்கள் பரவலாக வெளிறின. செத்த முருகையின் மேல் பாசி படர்ந்து அது வெறும் கல்லைப்போலத் தோன்றும், ஆனால் மிதித்தால் வழுக்கும், கத்திபோல் வெட்டும், உயிருள்ள துண்டு பக்கத்திலேயே நொறுங்கும். இறப்பர்ச் சப்பாத்து அணிந்துகொள்ளுங்கள். அணிந்தபின்னும் எதன்மேலும் ஏறி நிற்காதீர்கள்.

முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கின் மணற்காடு ஆகியவற்றைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். அழகில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் அவை நேரே வங்கக் கடலைப் பார்த்த திறந்த கரைகள், உயிர்காப்பாளர் நிற்பார் என்று எண்ணிப் போகக்கூடாதவை. அலை உடையும் இரண்டு இடங்களுக்கு நடுவே, அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் ஒரு பட்டை இருந்தால், கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப வெளியே பாயும் வழி அதுதான். பிள்ளைகளை அழைத்துவருவோர் அமைதியைக் கண்டு அங்கேயே இறக்குகிறார்கள். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடவேண்டும். முடியுமானால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அதனோடு திரும்பலாம். கரைவலை இழுக்கும் பாடுகளில் கயிறும் வலையும் நீருக்கடியில் நெடுந்தூரம் கிடக்கும் என்பதால், வலை கரையேறும்வரை அங்கே இறங்கவேண்டாம். அந்தத் தொழிலாளரே உங்களுக்கு நல்ல வழிகாட்டிகள். “அண்ணை, இண்டைக்குப் பிள்ளையள் இறங்கலாமோ?” என்று கேட்டால் நேர்மையான பதில் கிடைக்கும், அவர் தலையை ஆட்டி மறுத்தால் அதன்மேல் வாதாடாதீர்கள். சாராயம் உள்ளே போனவர் கேட்கவும் மாட்டார், கேட்டாலும் கேளார். அவரைக் கடலுக்குக் கூட்டிப்போகாமல் இருப்பதே குடும்பத்தாரின் கடமை.

குளிக்கவே கூடாத நீர்களும் உண்டு. யாழ் நகரின் பண்ணைப் பக்கம் மாலைக் காற்று வாங்க அருமையான இடம். ஆனால் அது நகர வாய்க்கால்களின் நீர் வந்து சேரும் களப்பு. வன்னிக் குளங்களில் பச்சை மை கரைத்ததுபோல் மேற்பரப்பு தெரிந்தால் அது நஞ்சு சுரக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், விழுங்கினால் வயிற்றையும் ஈரலையும் பாதிக்கலாம். கூடவே முதலை இருக்கும் குளங்களும் பல. கீரிமலைக் கேணியில் ஆபத்து வேறு விதமானது: கூட்டம் நெருக்கும் ஆடி அமாவாசையன்று, ஈரப்பாசி படிந்த படிகளில் முதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒரு கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் முன்னே இறங்கட்டும்.

சொறி (ஜெலிமீன்) பட்டு எரிந்தால் மணலால் தேய்ப்பதும் நல்ல தண்ணீரால் கழுவுவதும் எரிவைக் கூட்டும். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளைச் சாமணத்தால் எடுத்தபின், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஊற்றுவது வலியைத் தணிக்கும். திருக்கை குத்தினாலும் வெந்நீரே முதலுதவி, ஆனால் காயம் வைத்தியசாலையிற் பார்க்கப்படவேண்டும். ஆழமற்ற நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நடந்தால் திருக்கை தானே விலகிப்போகும். மூச்சுத் திணறல், மயக்கம், நீர் குடித்தபின் ஓயாத இருமல் என்றால் தாமதிக்காமல் 1990 என்ற இலவச நோயாளர் காவுவண்டிச் சேவையை அழையுங்கள், பொலிசுக்கு 119. வெளிநாட்டுச் சிம் அட்டையை நம்பாமல் உள்ளூர் அட்டை போட்ட கைபேசி ஒன்று எப்போதும் கரையில் இருப்பவரிடம் இருக்கட்டும். வீதியின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடற்கரைக்குத் திரும்பும் சந்தியில் உள்ள கோயிலின் பெயரையோ பாடசாலையின் பெயரையோ போகும்போதே பார்த்து வைத்துக்கொண்டால், அழைப்பில் அதைச் சொல்லலாம்.