ஃபெமா தலைவருக்குத் தகுதி இருக்கிறதா? சரிபார்ப்பது இப்படி

அமெரிக்கப் பேரிடர் அமைப்பான ஃபெமாவுக்குப் புதுத் தலைவர் பெயர் வந்தால், 2005 கத்ரீனா புயலுக்குப் பின் வந்த 2006 சட்டத்தை முதலில் பாருங்கள். பேரிடர் மேலாண்மையில் நிரூபித்த திறமை, குறைந்தது 5 ஆண்டு நிர்வாகத் தலைமை அனுபவம், இரண்டும் வேண்டும். பெரிய கம்பெனி நடத்தியவர் என்பது பாதித் தகுதிதான்.

அடுத்து சுயவிவரம். பழைய பதவியின் பெயரை அந்த அலுவலகத்திடமே கேளுங்கள். 2005-இல் தலைவராக இருந்த மைக்கேல் பிரவுனின் சுயவிவரத்தில், ஓக்லஹோமா மாநிலத்தின் எட்மண்ட் நகரில் 'உதவி நகர மேலாளர்' என்றிருந்தது. நகர நிர்வாகமோ 'நகர மேலாளரின் உதவியாளர்' என்றது. அந்த வேலையில் அவருக்குக் கீழே ஆளே கிடையாது. ஃபெமாவுக்கு முன் அவர் பார்த்தது அரேபியக் குதிரைச் சங்க வேலை!

அவர் கையாண்டது எந்தப் பேரிடர், எத்தனை ஊழியர், எவ்வளவு பணம், யார் கையெழுத்து என்று கேளுங்கள். 'ஆலோசனை வழங்கினார்' என்பது பதிலாகாது.

பெரிய ஓட்டை வேறு. 'பொறுப்பு' அதிகாரியாக உட்காரவைத்தால் நியமனத்துக்கு முன் செனட் (அமெரிக்க மேலவை) நடத்தும் விசாரணையே இல்லை. 2025 மே மாதம் டேவிட் ரிச்சர்ட்சன் அப்படித்தான் வந்தார். அப்போது கீழே இறங்கிப் பாருங்கள்: 10 வட்டாரத் தலைவர்களுக்கும் பேரிடர் அறிவைச் சட்டம் கேட்கிறது. அதில் எத்தனை நாற்காலி காலி என்று எண்ணுங்கள்.