மதுரையில் எதற்கு எந்த அளவு? வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்களுக்கு

இந்தியாவில் எல்லாமே கிலோ, மீட்டர்தானே என்று நினைத்து வருபவர்கள் மதுரையில் இரண்டாம் நாளே குழம்பிவிடுவார்கள். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. ஆனால் காய்கறிக் கடையில் கிலோ, கொத்தனாரிடம் அடி, பட்டாவில் ஹெக்டேர், நகைக்கடையில் பவுன் என்றுதான் இன்றைக்கும் பேச்சு. எல்லாவற்றையும் போனில் போட்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். எதை எந்த அளவில் பேசுகிறார்கள் என்று தெரிந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். கணக்குப் போட்டே ஆக வேண்டியவை நிலமும் உடம்பும்தான்.

நிலத்தை முதலில் சொல்கிறேன். நம்மில் பலர் லீவு போட்டு வருவதே பத்திர வேலைக்காகத்தான். சென்னையில் கிரவுண்டு என்பார்கள், அது 2,400 சதுர அடி. மதுரைப் பக்கம் சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். பட்டாவில் மட்டும் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். சிக்கல் இங்கேதான் வருகிறது.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் புஞ்சை இருக்கிறது. பழைய பத்திரத்தில் 31 சென்ட். பட்டாவில் '0 - 12.50' என்று இருந்தது. கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டரை சென்ட்தானே இருக்கு, மீதி எங்கே போச்சு?" என்று பங்காளிகளிடமே கேட்டுவிட்டான். இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் ஒரு துண்டுத் தாளில் 12.50ஐ 2.47ஆல் பெருக்கிக் காட்டினார். 30.88 வந்தது. கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர், அவ்வளவுதான். தயவுசெய்து, சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் இடித்தால் சர்வேயரை வைத்து அளந்துகொள்ளலாம்.

வீட்டு மனை என்றால் '30க்கு 40' என்று அடியில் சொல்வார்கள். 1,200 சதுர அடி, ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்ட்.

அடுத்து உடம்பு. நான் இருப்பது லண்டனில், அங்கே காய்ச்சல் செல்சியஸ் கணக்கு. ஒருமுறை ஊரில் இருந்தபோது நடு ராத்திரியில் மகளுக்கு உடம்பு கொதித்தது. டாக்டருக்குப் போன் போட்டு "39 இருக்கு சார்" என்றேன். அவர் ஒரு நொடி நிறுத்தி, "நூத்தி ரெண்டா?" என்று கேட்டார். சரிதான், 102.2. மதுரையில் காய்ச்சல் என்றால் ஃபாரன்ஹீட்தான். 37 என்பது 98.6, 38 என்பது 100.4. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பதற்றத்தில் தடுமாற வேண்டியதில்லை. தமிழ் நாளிதழ்களில் 'வெயில் சதம்' என்று வருவதும் இதே கணக்கு. 100 டிகிரி என்பது உங்கள் போன் காட்டும் 37.8.

சர்க்கரைக்கு இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை, இரண்டு இடத்திலும் மில்லிகிராம் கணக்குதான். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு மில்லிமோல் கணக்கு, அந்த எண்ணை 18ஆல் பெருக்க வேண்டும். அங்கே 7 என்றால் இங்கே 126. அம்மாவின் ரிப்போர்ட்டில் 180 என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மில்லிமோல் கணக்கில் அது 10. மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் பேசும்போது எண்ணோடு எந்த அளவு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தங்கத்தில் ஒரு பவுன் 8 கிராம். இங்கிலாந்துக் காசும் பவுண்டு, எடையும் பவுண்டு என்பதால் வீட்டுப் பேச்சில் மூன்றும் கலந்துவிடும். கடையில் கிராம் விலையைக் கேட்டு எட்டால் பெருக்குங்கள். உலகச் சந்தை விலை அவுன்ஸில் வரும், அது 31.1 கிராம், நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவு.

பெட்டி விஷயம்: 50 பவுண்டு என்பது 23 கிலோ. சென்னையிலிருந்து தனி டிக்கெட்டில் மதுரைக்கு விமானம் ஏறினால் உள்நாட்டில் பொதுவாக 15 கிலோதான், அதாவது 33 பவுண்டு. தூரத்துக்கு 8 கிலோமீட்டர் 5 மைல். ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஆனால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்பதுதான் பயன்படும்.

ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் வைகை அணை நீர்மட்டம் காதில் விழும். அது முழுக்க அடிக் கணக்கு. முழுக் கொள்ளளவு 71 அடி, 66 தொட்டால் கரையோரத்துக்கு முதல் எச்சரிக்கை. திறந்துவிடும் நீரைக் கன அடியில் சொல்வார்கள். விநாடிக்கு ஒரு கன அடி என்றால் 28 லிட்டர்.

மல்லிகைக்கு மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ கிலோவில், சித்திரை வீதியில் கட்டின சரம் முழத்தில். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, சுமார் ஒன்றரை அடி. போன தடவை நாலு முழம் கேட்டேன். அந்த அம்மா தன் கையால் நாலு முறை அளந்துவிட்டு, "பிள்ளைக்கு வச்சுக்க தாயி" என்று இன்னொரு சாண் விட்டு நாரைக் கிள்ளினார்.