இட்லிப்பூச் செடியில் வெளுத்த துளிர்: என் அனுபவம்

சேலம் சூரமங்கலத்தில் எங்கள் மொட்டைமாடித் தொட்டிகளில் வளரும் இட்லிப்பூச் செடிகளில், முதிர்ந்த இலைகள் கரும்பச்சையாகவே இருக்க, புதிய துளிர்கள் மட்டும் நரம்புகள் பச்சையாகத் தெரியும்படி வெளிறி, நாளடைவில் முழு மஞ்சளாகி, மொட்டு விடுவதும் நின்றுவிட்டது. மண்புழு உரம் இட்டும் மண்ணை மாற்றியும் பயனில்லை. மக்னீசியம் தரும் எப்சம் உப்பும் உதவவில்லை. மக்னீசியக் குறை முதலில் அடியிலைகளில்தான் தெரியும், இங்கே நிலைமை நேர்மாறு. துளிர் வெளுப்பது இரும்புச்சத்துக் குறையின் அடையாளம் என்பதால், உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) வாங்கிக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். அதற்கும் செடி அசையவில்லை.

காரணத்தைக் காட்டியது வாளிதான். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்த அன்னபேதி சிறிது நேரத்திலேயே துருநிறமாகக் கலங்கி அடியில் படிந்தது. பிடித்துவைத்த மழைநீரில் கரைத்ததோ இளம்பச்சையாகத் தெளிந்து நின்றது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் விடும் எங்கள் உப்புநீரின் காரத்தன்மை, வேர் உறிஞ்சுவதற்கு முன்பே இரும்பைப் படியச் செய்துவிடுகிறது.

ஆகவே 1 லிட்டர் மழைநீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தையும் பிறகு 5 கிராம் அன்னபேதியையும் கரைத்து, வடிகட்டி, வெயில் தாழ்ந்தபின் இலைகளில் தெளித்தேன். (தரையில் பட்டால் துருக்கறை போகாது.) துளி விழுந்த இடங்களில் மட்டும் பச்சைப் புள்ளிகள் தோன்றியதைக் கண்டபோதுதான் நிம்மதி வந்தது. இரும்பு ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்கு எளிதில் நகராது என்பதால், அடிப்புறமும் நனையும்படி வாரம் ஒருமுறை தெளித்துவந்தேன். அடுத்த துளிர்கள் பச்சையாகவே விரிந்தன. இப்போது இச்செடிகளுக்கு மழைநீர், அது தீர்ந்தால் குழாயில் வரும் காவிரி நீர் மட்டுமே ஊற்றுகிறேன்.