காடு வச்சிருக்கவங்க மரம் விக்கும்போது பண்ற தப்புகள்

புதுசா காடு கைக்கு வந்தவங்க கூட அவங்க காட்டுக்குள்ள நிறைய நடந்திருக்கேன், அப்போ பாத்த தப்புகள்தான் இது. வேலி, எல்லைக்கல் பத்தியெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடறேன்.

பெருசை வெட்டினா சிறுசு வளரும்னு நம்புறது

இதை நினைச்சா எனக்கு இன்னும் எரிச்சலா வருது. வியாபாரி வந்து "பெருத்த மரத்தை மட்டும் எடுத்துக்கறேன், சின்னதெல்லாம் நிக்கட்டும், கொஞ்ச வருஷத்துல அதுவும் இப்படி ஆயிடும்"னு சொல்வாரு, கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா ஒரே சமயத்துல முளைச்ச காட்டுல ஒல்லியா நிக்கறது இளசு இல்லைங்க, பெருசோட அதே வயசு, வெளிச்சம் கிடைக்காம பின்தங்கிப் போனது. நெஞ்சு உயரத்துல, அதாவது சுமார் 1.3 மீட்டர்ல, டேப் சுத்தினா பருமன்தான் தெரியும், வயசு தெரியாது.

தெரிஞ்சவர் ஒருத்தரோட ஓக் காட்டை இப்படித்தான் வெட்டிட்டாங்க. தடியா ஒண்ணு, ஒல்லியா ஒண்ணுன்னு ரெண்டு அடிக்கட்டையில வருஷத்துக்கு ஒண்ணா விழற வளையத்தை எண்ணிப் பாத்தோம், கிட்டத்தட்ட ஒரே கணக்கு. மனுஷன் பேச்சே இல்லாம நின்னாரு. மிச்சம் நின்னதெல்லாம் கோணல், பொந்து, உச்சி காஞ்சது. இனி விதை போடறதும் அதுங்கதான். அதோட ஓக்ல திடீர்னு வெயில் பட்டா அடிமரத்துல சில்லுசில்லா துளிர் வெடிக்கும், கட்டையோட தரமும் போயிடும்.

செய்ய வேண்டியது நேர் எதிர். எதை நிறுத்தணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, நேரா, நல்ல தலையோட இருக்கறதா பாத்து. அதோட தலையை இடிச்சுக்கிட்டு நிக்கற பக்கத்து மரம்தான் வெட்டுக்குப் போகணும். பல வயசு மரம் கலந்த காட்டுல சிறுசு நிஜமாவே இளசா இருக்கலாம், பீச் மாதிரி நிழல் தாங்கற மரம் வெளிச்சம் கிடைச்சா எழுந்தும் வரும், அதனால வளையத்தை எண்ணிப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. எந்த மரத்தை வெட்டணும்னு மார்க் பண்ற வேலையை மட்டும் வாங்கறவர் கையில குடுக்கவே குடுக்காதீங்க.

பக்கத்துக் காட்டைப் பாத்து காப்பி அடிக்கறது

அவரு பைன் வச்சாருன்னு நீங்களும் அடர்ந்த நிழல்ல பைன் நட்டா தேறாது, அதுக்கு வெயில் வேணும். மேல பாக்கறதை விட கீழ பாருங்க, பெரிய மரத்தடியில இப்ப எந்தக் கன்னு அதிகமா நிக்குதோ அடுத்த காடு பெரும்பாலும் அதுதான். ஆல்டர்ங்கற மரம் கூட்டமா நின்னா அங்க மண்ணுல ஈரம் அதிகம்.

ஈர மண்ணுல வண்டி விடறது

வேணாம். முதல் சில ஓட்டத்துலயே மண் இறுகிடும், வேருக்கு காத்து போகாது, அது மறுபடி பழைய நிலைக்கு வர பல வருஷம் ஆகும்.

காஞ்ச மரத்தையெல்லாம் துடைச்சு எடுக்கறது

பாதை மேல சாயறதை மட்டும் எடுங்க. மத்தது மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் வீடு.

வாய்வார்த்தையா விக்கறது

எந்த மரம், எத்தனை, வண்டிக்கு எந்த வழி, எப்போ முடிக்கணும், எல்லாம் எழுத்துல இருக்கட்டும். வெட்ட வேண்டிய மரத்துல பெயின்ட் அடிக்கும்போது தரையை ஒட்டியும் ஒரு புள்ளி வைங்க, வெட்டின பிறகும் அடிக்கட்டையில அது இருக்கும், புள்ளி இல்லாத கட்டை இருந்தா மார்க் பண்ணாததையும் சேத்து வெட்டியிருக்காங்கன்னு அங்கயே தெரிஞ்சுடும்.