குட்டிச்சாத்தான் இசையைப் பியானோவில் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேய் பாதி, கோமாளித்தனம் பாதி கலந்த பியானோ உருப்படிகள் மாணவர்களுக்கு எப்போதும் பிடிக்கும். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி 1878இல் எழுதித் தன் தங்கை மகனுக்குச் சமர்ப்பித்த குழந்தைகள் ஆல்பத்தில் பொம்மைக்கு நோய் வருகிறது, அடுத்த பக்கத்தில் அதன் சவ ஊர்வலம், அதற்கடுத்து ஒரு வால்ட்ஸ், பிறகு புதுப் பொம்மை. துக்கம் இரண்டு பக்கத்துக்கு மேல் தாங்கவில்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் குனோ 1872இல் எழுதிய பாவைக்கூத்துப் பொம்மையின் சவ ஊர்வலமும் இதே சாதி. துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவழியில் சிற்றுண்டிக்கு ஒதுங்குவதாக அதில் ஒரு குறிப்பே உண்டு. எல்லாவற்றையும்விட அதிகம் வாசிக்கப்படுவது நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் 'மலை அரசனின் மண்டபத்தில்'. பெரும்பாலான தவறுகளை அந்த ஒன்றிலேயே காட்டிவிடலாம்.

முதல் தவறு, பயமுறுத்த முயல்வது. நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பேர் கின்ட்' நாடகத்துக்காக எழுதிய இந்த இசை முதன்முதலில் 1876 பிப்ரவரி 24 அன்று, இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவில் மேடையேறியது. மலைக்குள் வாழும் பூதக்கூட்டம், தங்கள் அரசன் மகளை மயக்கிய நாயகன் பேர் கின்டைக் கொல்லச் சொல்லிக் கத்தும் காட்சி. கிரீக் இதை மெய்யான திகிலாக எழுதவில்லை. தன் நாட்டவரின் அளவுக்கு மீறிய சுயபெருமையையும் சேர்த்துத்தான் கிண்டல் செய்தார். மாணவர் தோளைத் தூக்கி, முகத்தைக் கடுமையாக்கி, கட்டைகளைக் குத்தத் தொடங்கியதும் அந்தக் கிண்டல் செத்துவிடுகிறது. இந்த வகை இசை முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஜோக் சொல்பவரைப் போல. காலப்பிரமாணம் பிசகாமல், சத்தம் சிறிதாக, ஒவ்வொரு நோட்டும் சுத்தமாக வந்தால் திகில் தானாக வரும்.

எங்கே சுரம் தவறுகிறது

மூலம் பி மைனர் என்ற ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) இருக்கிறது. ஏ மைனருக்கு மாற்றிய மாணவர் பதிப்பை எடுத்துக்கொள்வோம். மெட்டின் முதல் பார் (தாளத்தின் ஒரு கட்டம்): ஏ பி சி டி ஈ சி ஈ. இரண்டாவது பார்: டி ஷார்ப், பி, டி ஷார்ப், உடனே டி நேச்சுரல், பி ஃப்ளாட், டி நேச்சுரல் (ஷார்ப் அரை ஸ்வரம் ஏற்றும், ஃப்ளாட் அரை ஸ்வரம் இறக்கும், நேச்சுரல் இரண்டையும் ரத்து செய்யும்). ஆறு குவேவர் (அரை பீட்), ஒரு க்ராட்செட் (ஒரு பீட்) என்று முதல் பார். இரண்டு குவேவர், ஒரு க்ராட்செட் என்பது இரண்டு முறை வந்தால் அடுத்த பார்.

இந்த இரண்டாவது பாரில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஒரு பாருக்குள் ஷார்ப் போட்டால் அது அந்தப் பார் முடியும்வரை செல்லும் என்று படித்திருப்பார்கள். அதே பாரின் நடுவில் அதை ரத்து செய்யும் நேச்சுரல் குறியைக் கண் தாண்டிவிடும். இல்லையென்றால் டி மாறியதைக் கவனித்துவிட்டு, பி ஃப்ளாட்டை பி என்றே வாசிப்பார்கள். காதுக்குப் பெரிய தவறாகத் தெரியாததால் வாரக்கணக்கில் அப்படியே தங்கிவிடும்.

ஆனால் மெட்டின் விஷமம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சி-ஈ, பி-டி ஷார்ப், பி ஃப்ளாட்-டி: மூன்றும் மேஜர் தேர்ட், அதாவது நாலு அரை ஸ்வர இடைவெளி. மைனர் ஸ்கேலில் தொடங்கிய மெட்டு, ஒரே அகலமுள்ள மூன்று மேஜர் தேர்டுகளாக அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகப் படியிறங்குகிறது. காலடியில் தரை வழுக்குவதுபோல் தோன்றக் காரணம் இதுதான். முதலில் இந்த மூன்று ஜோடிகளையும் தனித்தனி நோட்டாக அல்லாமல் ஒன்றாக அழுத்திப் பத்து முறை வாசியுங்கள். கை அந்த அகலத்தை மறக்காது. வலக்கைக்கு விரல் 1-2-3-4-5-3-5, பிறகு 4-2-4, மறுபடியும் 4-2-4. இடக்கைக்கு 5-4-3-2-1-3-1, பிறகு 2-4-2 இரண்டு முறை. இரண்டாவது ஜோடியிலிருந்து மூன்றாவதுக்கு விரலை மாற்றாமல் கையையே நகர்த்துங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு விரல் வரிசை என்று வாசித்தால் வேகம் ஏறும் நாளில் கை குழம்பும்.

சன்னமாக வாசிப்பது என்றால் மெதுவாக அழுத்துவது அல்ல

தொடக்கம் பியானிசிமோ, அதாவது மிகச் சன்னமான சத்தம். மாணவர் கட்டையை மெல்ல, தயங்கித் தயங்கி அழுத்துவார். நாலு நோட்டில் ஒன்று ஊமையாகிவிடும். அக்கூஸ்டிக் பியானோவில் சத்தத்தைத் தீர்மானிப்பது சுத்தியலின் வேகம். கட்டை மிக மெதுவாக இறங்கினால் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும். விரலை உயரத் தூக்கிக் கீழே போடவும் வேண்டாம். கட்டையின் மேலேயே விரல் நுனியை வைத்து, உள்ளங்கையை நோக்கிச் சுருக்கென்று சுரண்டுங்கள். அசைவு சிறியது, ஆனால் வேகமானது. சத்தம் குறைவாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும்.

ஸ்டக்காட்டோ (நோட்டைச் சட்டென்று வெட்டி வாசிப்பது) விஷயத்திலும் ஒரு கணக்கு உண்டு. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 88 பீட் என்றால் ஒரு குவேவர் சுமார் 0.34 வினாடி, ஸ்டக்காட்டோவில் அதில் பாதிதான் ஒலிக்க வேண்டும், மீதி மௌனம். 176க்குப் போனால் முழுக் குவேவரே 0.17 வினாடிதான். மெதுவான பகுதியில் பழகிய மணிக்கட்டுத் துள்ளலை அங்கேயும் தொடர்ந்தால் முன்கை இறுகி, மூன்றாவது வரியில் வலி எடுக்கும். வேகம் ஏற ஏற மணிக்கட்டை அமைதிப்படுத்தி, வேலையை விரலுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதிக்காதீர்கள். 'மர்மமாக' ஒலிக்கட்டும் என்று மிதித்தால் டி ஷார்ப்பும் டியும் ஒன்றன்மேல் ஒன்று தங்கிக் குழைந்துவிடும். கீழ் ஆக்டேவின் கம்பிகள் நீளமானவை, நெடுநேரம் அதிர்பவை என்பதால் அங்கே இன்னும் மோசம். முடிவிலுள்ள பெரிய கார்டுகளுக்கு (ஒன்றாக அழுத்தும் நோட்டுகளுக்கு) மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, மிதித்தவுடன் விடுங்கள்.

வேகத்தை முன்கூட்டியே செலவழிப்பது

மூலத்தில் நாலு பார் மெட்டு ஆறு முறை வந்து 24 பார் கொண்ட ஒரு சுற்றாகிறது. அப்படி மூன்று சுற்றுகள். சுற்றின் நடுவில் வேறு ஸ்கேலுக்குத் தாவுவதைத் தவிர மெட்டு மாறாது. மற்றபடி மாறுவது சத்தமும் வேகமும் வாத்தியங்களும்தான். பியானோவில் வாத்தியம் மாற வழியில்லை, ஆகவே சத்தத்தையும் வேகத்தையும் சிக்கனமாகப் பங்கிட வேண்டியிருக்கிறது. பொதுவாக நடப்பதோ வேறு: எட்டாவது பாரிலேயே ஆர்வம் தாங்காமல் வேகம் கூடி, சத்தமும் கூடி, பாதி தூரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு அதே உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள்.

கணக்கை முடிவிலிருந்து போடுங்கள். கடைசி நாலு பாரைத் தவறில்லாமல் வாசிக்கக்கூடிய அதிகபட்ச வேகம் என்ன? அது 132 என்றால், தொடக்கம் 84. ஆறு முறை மெட்டு வரும் சுருக்கப் பதிப்பில் 84, 92, 100, 110, 120, 132 என்று வைத்து, ஒவ்வொரு படியையும் மெட்ரோனோமுடன் தனியாக வாசித்துப் பழகுங்கள். இரண்டு வாரம் கழித்து மெட்ரோனோமை நிறுத்திவிட்டுப் படிகளைச் சரிவாக்கினால் போதும். சத்தத்துக்கும் இதே மாதிரித் தனித் திட்டம் தேவை. முதல் இரண்டு முறை சத்தம் ஏறவே கூடாது. கேட்பவர் 'அடுத்து என்ன' என்று காதைத் தீட்டுவது அந்த இரண்டு முறையில்தான்.

முடிவில் கார்டுகளுக்கு நடுவே ரெஸ்ட் (மௌன இடைவெளி) வரும். முழு வேகத்தில் ஓடிவந்த கை, மௌனத்தைத் தாங்க முடியாமல் அடுத்த கார்டில் முன்கூட்டியே விழும். ரெஸ்டின் பீட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது அந்த இடத்தில் காலால் தட்டுங்கள்.

குனோவின் டி மைனர் ஊர்வலத்தில் வேறு சிக்கல். அது 6/8 (பாருக்கு ஆறு குவேவர்), நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று நொண்டி நடக்கும் தாளம். நீளத்துக்கு இரண்டு பங்கு, குட்டைக்கு ஒரு பங்கு. மாணவர்கள் அதை மூன்றுக்கு ஒன்றாக இறுக்கி ராணுவ அணிவகுப்பாக்கிவிடுவார்கள். மிருதங்கமோ கொன்னக்கோலோ கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு வழி எளிது: பாருக்கு இரண்டு 'தகிட'. நீள நோட் 'தகி'யை எடுத்துக்கொள்ளும், குட்டை நோட் 'ட'வில் விழும். கை தட்டிச் சொல்லிவிட்டுப் பிறகு கட்டையைத் தொடுங்கள். சவ ஊர்வலம் என்பதற்காக இழுத்து இழுத்து வாசிக்க வேண்டாம், செத்தது மரப்பொம்மை. சிற்றுண்டி வரும் டி மேஜர் பகுதியிலும் வேகத்தைத் தொடாதீர்கள். ஸ்கேல் மாறியதே போதுமான நகைச்சுவை.

வாத்தியம்

வீட்டில் இருப்பது 61 கட்டைக் கீபோர்டு என்றால், அதன் இடப்பக்கக் கடைசிக் கட்டை நடு சி-க்கு இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள சி. அதற்கும் கீழே போகும் பதிப்பை வாங்கிவிட்டு, எட்டாத நோட்டுகளை மட்டும் ஒரு ஆக்டேவ் மேலே தூக்கி வாசித்தால் மெட்டு நடுவில் உடைந்துவிடும். தூக்குவதானால் அந்த வரி முழுவதையும் தூக்குங்கள். டச் ரெஸ்பான்ஸ் (அழுத்தும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் வசதி) அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அணைந்திருந்தால் எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும், மேலே சொன்ன சத்தத் திட்டம் வீண். ஆர்கன், கொயர், 'கோஸ்ட்' என்று விதவிதமாக டோன்கள் இருக்கும். சாதாரண பியானோ டோனிலேயே விட்டுவிடுங்கள். மெதுவாக எழும்பும் டோன்களில் ஸ்டக்காட்டோ ஒலிக்கத் தொடங்குவதற்குள் விரல் எழுந்துவிடும்.