முதல் பாடத்திலேயே 247 எழுத்தா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பேர் போன வாரம் தங்கள் ஆன்லைன் பாடத்திட்டத்தைக் காட்டினார்கள். முதல் வாரம் உயிர், இரண்டாம் வாரம் மெய், மூன்றாம் வாரத்திலிருந்து க வரிசை, ங வரிசை... எனக்குப் பகீரென்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட அதே திட்டம். சத்தம் சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்பதெல்லாம் ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் தானே தெரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன். மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எழுத்து அட்டையை அப்படியே பாடமாக்குவது

மெய்க்கு ஒன்றாகப் பதினெட்டு வீடியோ எடுத்தேன். வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக இரண்டு மாதம். ங வரிசையை மட்டும் மூன்று தடவை திரும்ப எடுத்தேன், ஙௌ வாயில் நுழையவில்லை. அப்புறம் ஒரு பத்து வயதுப் பையன் வாய்ஸ் நோட்டில் இங்கிலீஷில் கேட்டான், இது எந்த வார்த்தையில் வரும் என்று. யோசித்தேன். எதிலும் வராது. ங் நிறைய வரும். அதை விட்டால் ‘இங்ஙனம்’ மாதிரி ஒன்றிரண்டுதான்.

அதைவிட எரிச்சல் வேறொன்றில். அந்தப் பையன் வெறுங்கையோடு வரவில்லை. வீட்டில் பேசுவது இங்கிலீஷ்தான், ஆனால் வடை தெரியும், ரசம் தெரியும், காவடி தெரியும், புரட்டாசியில் கறி கிடையாது என்பது நன்றாகவே தெரியும். ஆறு வாரம் ஆகியும் இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் அவனுக்கு எழுத்தில் காட்டவில்லை. 22 பேரில் எட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள்.

இப்போது முதல் பாடம் ட, ப, ம. ட-வும் ப-வும் வெறும் நேர்க்கோடுகள். கூடவே புள்ளி வைக்கக் காட்டினால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் அன்றைக்கே படித்துவிடலாம். அடுத்து வ-வும் ஐகாரக் குறியும்: வடை. ர, ச சேர்ந்தால் ரசம். அந்த ‘வடை’யை விரல் வைத்துப் படித்த ஒரு சின்னப் பெண் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்கு ஓடிவந்தாளாம், அவள் ஆயா சொன்னார். அட்டையைக் கடைசியில்தான் காட்டுகிறேன். வரிசையைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்கிறார்கள்.

பதிலை டைப் செய்யச் சொல்வது

கையில் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் போன். அதில் தமிழ் கீபோர்டு இருக்காது. நோட்டில் எழுதிப் போட்டோ அனுப்பட்டும், அல்லது பேசி அனுப்பட்டும்.

கனமான வீடியோ

இங்கே பல வீடுகளில் டேட்டா ப்ரீபெய்ட். பத்து நிமிட ஹெச்டி வீடியோ 100 எம்பியைச் சாதாரணமாகத் தாண்டும். அதே பாடத்தை நான்கு படமும் ஒரு நிமிட ஆடியோவுமாகச் செய்தால் ஒன்றிரண்டு எம்பியில் முடிந்துவிடும்.

நேரலையை மட்டும் நம்புவது

2023இல் கரண்ட் போன சாயங்காலங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் ரெக்கார்டிங்

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள். தனிப்பட்ட விவரங்களைக் காக்கும் இங்கத்திய பொப்பியா (POPIA) சட்டம் 2021 ஜூலையிலிருந்தே முழுதாக நடைமுறையில் இருக்கிறது.

பேட்ஜ், மெடல், பட்டாசு அனிமேஷன்

அப்புறம் பார்க்கலாம்.

எடுத்ததைத் தூக்கிப்போட மனசில்லாமல் இருப்பது

அந்த இரண்டு பேரும் ங வரிசையை எடுத்து முடித்துவிட்டார்களாம். பாட்டு கூடப் போட்டிருக்கிறார்களாம். ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.